விற்பவர் ஒருவர், உரிமைக்காரர் பலர்: ராமநாதபுரம் கடற்கரையில் தரகர் இல்லாமல் வீடு வாங்குவது

கீழக்கரை, தங்கச்சிமடம், தொண்டி என்று எந்த ஊர்த் தெருவுக்குள் போனாலும் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடாவது கண்ணில் படும். சில வீட்டுச் சுவர்களில் பெயிண்டால் எழுதியிருப்பார்கள்: 'வீடு விற்பனைக்கு. புரோக்கர் வேண்டாம்.' கீழே ஒரு கைபேசி எண் இருக்கும். பல நேரம் அது வளைகுடா நாட்டு வாட்ஸ்அப் எண்ணாகவே இருக்கும்.

இப்படி நேரடியாக வாங்குவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள், ஒழுங்காக எழுதிய கிரையப் பத்திரம், இவை இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும். தரகு வழக்கமாக ஆளுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை போகும். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். அதே வீட்டுக்கு அரசுக்குக் கட்டுவது 9 சதவீதம், அதாவது 2,70,000 ரூபாய். முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என்று அது பிரியும். பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் இந்தக் கணக்கு. 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை நடப்பில் இருக்கிறது.

மிச்சமாகும் அந்த 60,000 ரூபாயைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நல்ல தரகர் வாங்கும் காசு வீட்டைக் காட்டியதற்கான கூலி மட்டும் அல்ல. அந்த வீட்டில் யார் யாருக்குப் பங்கு, எந்தத் தங்கச்சி கோபித்துக்கொண்டு மதுரையில் இருக்கிறார், எந்தப் பெரியப்பா மகன் எப்போதோ கேஸ் போட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரு சொல்லித்தான் தெரியும், பத்திரம் சொல்லி அல்ல. தரகரை விலக்கினால் அந்த விசாரணை உங்கள் தலையில் விழுகிறது. இந்தக் கடற்கரையில் அது சின்ன வேலை இல்லை. ஏனென்றால் இங்கே வாசலில் நின்று விலை பேசுகிறவர் ஒருவராக இருப்பார். வீட்டில் உரிமை உள்ளவர்கள் நாலு ஊரிலும் இரண்டு நாட்டிலும் இருப்பார்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "வீடு அத்தா பேர்ல இருந்துச்சு. அவர் மௌத்தாப் போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு. நான் ஒரே மகன்." தங்கச்சிகள் உண்டா என்று கேட்டால், "ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களுக்கு அப்பவே நகை நட்டு எல்லாம் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு. அவங்க கையெழுத்தெல்லாம் வேண்டியதில்ல." சொல்கிறவர் ஏமாற்றுக்காரர் அல்ல. மனசார நம்பித்தான் சொல்கிறார். இந்துக் குடும்பங்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே பதில் வேறு வார்த்தையில் வரும். எந்த மதத்துச் சட்டத்திலும் கல்யாணச் சீர் சொத்துப் பங்கை அழிக்காது.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் பங்கு எப்படிப் பிரியும் என்பது இந்த ஒரே கடற்கரையில் மூன்று விதம். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் உள்ள முஸ்லிம் குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மிச்சத்தில் மகனுக்குப் பாதி, மகள்கள் இருவருக்கும் சேர்த்து மறுபாதி. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று போய், மற்ற கணக்கு மாறும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இந்துவாக இருந்து, அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீடாகவும் இருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லாருக்கும் சம பங்கு. அந்தப் பாட்டியைக் குடும்பங்கள் எப்போதும் மறந்துவிடுகின்றன. பிறகு பாட்டியும் போய்ச் சேர்ந்தால், அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா அத்தைகளுக்கும் கிளை பிரிகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை நாடு முழுக்க விரித்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது வாரிசுச் சான்று. தாசில்தார் தருவது அது. அதில் உள்ள பெயர் ஒவ்வொன்றும் உங்கள் கிரையப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கைகள் முதலில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்து, பிறகு அண்ணன் உங்களுக்கு விற்பதும் செல்லும். எல்லாரும் சேர்ந்து ஒரே பத்திரத்தில் விற்றுவிட்டால் ஒரு பதிவுச் செலவு குறையும், சங்கிலியில் ஒரு கண்ணியும் குறையும். வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்துக் குழந்தையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அது இல்லாமல் விற்றால் பிள்ளை பெரியவனான பிறகு மூன்று வருடத்துக்குள் கிரையத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். முஸ்லிம் சட்டத்திலோ தாய் கூடத் தன் குழந்தையின் சொத்தை அவராகவே விற்க முடியாது.

கீழக்கரையில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே வீடு பெரும்பாலும் மகளுக்கு. கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவது பழைய வழக்கம். இஸ்லாமியச் சட்டப்படி ஹிபா, அதாவது தானம், வாய்ச்சொல்லாலேயே செல்லும். கொடுப்பதாகச் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் ஏற்க வேண்டும், சொத்து கைமாற வேண்டும். இந்த மூன்றும் நடந்திருந்தால் எழுத்தும் பதிவும் தேவையில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இதற்கு விலக்கு தந்திருக்கிறது. ஆக, அத்தா பெயரில் பத்திரம் இருக்கும், பட்டா இருக்கும், பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும். வீடோ இருபது வருடத்துக்கு முன்பே ஒரு மகளுக்குப் போயிருக்கும். கணினியில் எதைத் தட்டினாலும் இது வராது. வீட்டில் யார் குடியிருந்தார்கள், வீட்டு வரி யார் கட்டினார்கள் என்று தெருவில் பெரியவர்களிடமும் ஜமாத்திலும் கேட்டால்தான் தெரியும். யாருக்கு விற்கலாம் என்று தீர்மானிக்க ஜமாத்துக்கோ மீனவர் கிராமக் கமிட்டிக்கோ தேவாலயப் பங்குக்கோ சட்ட அதிகாரம் கிடையாது. ஆனால் குடும்ப விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. சலாம் சொல்லி உட்கார்ந்து, "இந்த வீட்டை வாங்கலாம்னு இருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்சு ஏதாச்சும் பிரச்சினை உண்டா?" என்று கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

பங்காளிகள் இன்னும் பிரித்துக்கொள்ளாத வீட்டில் ஒருவர் தன் பாகத்தை மட்டும் மலிவாகத் தருவதாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொது முற்றம், பொதுக் கிணறு உள்ள பழைய வீடுகளில் இது அடிக்கடி வரும். பிரிபடாத குடும்ப வீட்டில் வெளியாள் ஒருவர் பாகம் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது. பாகப்பிரிவினை வழக்குத்தான் வழி. அந்த வழக்கிலும், 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, குடும்பத்தார் உங்கள் பாகத்தை நீதிமன்றம் வைக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் அதிகாரப் பத்திரம், அதாவது பவர், நடுவில் வரும். ஊரில் மச்சானோ தம்பியோ பவர் ஏஜென்ட்டாக நிற்பார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு முடிந்தது. அதனால் பதிவுக்குப் போகும் காலையில் அவரை வீடியோ அழைப்பில் பாருங்கள். பவர் இருக்கிறது என்பதால் ஏஜென்ட் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பவர் பத்திரத்தை வைத்தே வீட்டைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் முற்றுப்புள்ளி வைத்தது. பதிவு செய்த கிரையப் பத்திரம்தான் வீட்டை மாற்றும்.

வருமான வரியும் இந்த இடத்தில்தான் சிக்கும். விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்ச ரூபாயைத் தொட்டால் மட்டும் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த 50 லட்ச வரம்பே கிடையாது, விகிதமும் பல மடங்கு அதிகம். கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருப்பது கணக்கில்லை. வருடத்தில் எத்தனை நாள் எங்கே இருந்தார் என்பதுதான் கணக்கு. வரியைப் பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் பிடிக்கும். விற்பவர் துறையிடம் விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்துக்குச் சான்று வாங்கலாம். அதை விலை பேசும்போதே பேசிவிட வேண்டும், பதிவுக்கு முந்தின நாள் அல்ல.

வில்லங்கச் சான்றை எல்லாரும் எடுக்கிறார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் பார்க்கலாம். ராமநாதபுரத்தில் அதை எந்தச் சர்வே எண்ணில் தேடினீர்கள் என்பதே முதல் கேள்வி. ராமநாதபுரம் ஜமீன் நிலங்கள் 1948-ஆம் வருடச் சட்டப்படி 1949-இல் அரசின் கைக்கு வந்தன. அதன் பின் நில அளவை, 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஊருக்குள் நத்தம் நிலவரித் திட்டம், நகராட்சிகளில் நகர அளவை என்று எண்கள் மாறிக்கொண்டே வந்தன. 1980-க்கு முந்தைய பத்திரத்தில் ஒரு எண், இன்றைய பட்டாவில் வேறு எண். புதிய எண்ணில் மட்டும் தேடினால் பழைய அடமானம் தப்பிப் போகும். பழைய எண், புதிய எண், கதவு எண் மூன்றிலும் தேடச் சொல்லுங்கள். உயில் வில்லங்கச் சான்றில் வராது. ஊரில் நடக்கும் சிவில் வழக்கும் பெரும்பாலும் வராது. அதை நீதிமன்றங்களின் இணையதளத்தில் விற்பவர், அவருடைய அப்பா இருவரின் பெயராலும் தேட வேண்டும்.

மூலப்பத்திரத்தின் அசலை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். நகலைக் காட்டி, "ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு" என்று இழுத்தால், அது எங்கேயோ பணத்துக்கு ஈடாகப் போயிருக்க வாய்ப்புண்டு. தனியார் ஒருவரிடம் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது பதிவாகாமல் இருந்தால் வில்லங்கத்தில் நிழல் கூட விழாது. தொலைந்துபோனது என்றால் காவல்துறையின் 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்று, தினசரியில் அறிவிப்பு இரண்டும் வேண்டும். வீடு வாங்கப் போவதாக உங்கள் வழக்கறிஞர் மூலம் நீங்களே ஒரு தமிழ் தினசரியில் விளம்பரம் கொடுப்பதும் நல்ல செலவு. தரகில் மிச்சமானதை வழக்கறிஞருக்குக் கொடுங்கள். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறாரே தவிர, விற்பவர்தான் உரிமையாளர் என்று அவர் உத்தரவாதம் தருவதில்லை.

இனி இடம். கடலோரக் குப்பங்களில் பல வீடுகள் புறம்போக்கில் நிற்கின்றன. தலைமுறையாகக் குடியிருப்பார்கள், மின் இணைப்பு இருக்கும், வீட்டு வரி ரசீது இருக்கும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்து விற்பார்கள். அந்தத் தாளால் இடம் உங்களுக்குச் சொந்தமாகாது. அரசு தந்த ஒப்படைப் பட்டா, தொகுப்பு வீடு ஆகியவற்றுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். ஒப்படை உத்தரவை வாங்கி வாசிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ராமேஸ்வரம் கோயில், சமஸ்தான தேவஸ்தானக் கோயில்கள், ஏர்வாடி, கீழக்கரை பக்கத்து வக்ஃபு என்று சமய நிறுவனங்களின் நிலமும் இந்த மாவட்டத்தில் நிறைய. மேலே வீடு ஒருவருடையது, கீழே மனை கோயிலுடையது என்ற நிலையும் உண்டு. அ-பதிவேட்டின் நகலை எடுத்தால் நிலம் யார் பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கடலைப் பார்த்த வீடு என்று மனசு போகிறவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதி பேசும். 2019 அறிவிக்கையின்படி ஊரகப் பகுதியில் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் முதல் 50 மீட்டரிலும், குறைவாக இருந்தால் முதல் 200 மீட்டரிலும் புதிய கட்டடம் கூடாது. நகராட்சிப் பகுதிக்கு விதி வேறு. இந்தத் தடை எல்லைக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். இடித்துவிட்டு மாடி வைத்து விடுதி கட்டும் கனவோடு வாங்கினால் அது நடக்காது. 'கட்டிக்கலாம், இங்க யாரும் கேக்க மாட்டாங்க' என்ற பேச்சை நம்பி யாரும் ஆயுள் சேமிப்பைக் கொட்டக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்தக் கரையில் கண்காணிப்பு கூடிக்கொண்டுதான் போகும்.

கட்டடத்தைப் பார்ப்பதற்குக் கொத்தனாரைக் கூட்டிப் போங்கள். இங்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் பக்கத்து வீடுகளின் ஜன்னல் கம்பி, கேட், ஏசி வெளிப்பெட்டி எல்லாவற்றிலும் உப்பு படியும். அது கண்ணுக்குத் தெரியும் சேதம். கான்கிரீட்டுக்குள் நடப்பது தெரியாது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்பும். கடற்கரை மணலையும் உவர்நீரையும் போட்டுக் கட்டியிருந்தால் இது கட்டிய அன்றே தொடங்கிவிடும்.

பார்க்கும் விதம் எளிது. ஒரு கட்டையால் கூரையின் அடிப்பக்கத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்த இடத்தில் உள்ளே கூடு விழுந்ததுபோல 'பொத்' என்று கேட்கும். வெடிப்பு கோணல்மாணலாக இல்லாமல் நேர்கோட்டில், இன்னொரு வெடிப்புக்கு இணையாக ஓடினால் அடியில் கம்பி ஓடுகிறது என்று பொருள். கூடத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதனால் சன்ஷேடின் அடிப்புறம், குளியலறைக் கூரை, மாடிப்படிக்குக் கீழ், தண்ணீர்த் தொட்டி நிற்கும் தளத்தின் அடி, இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். துருக் கறை சொட்டு சொட்டாக இறங்கியிருந்தால் விலையில் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். 1990-க்கு முந்தைய சில வீடுகளில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்தான் சுவர். அந்தச் சுவர் தன்னளவில் மோசமில்லை. அதன் மேல் சிமெண்ட் பூசி மூடினால்தான் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துப் பொரிந்து கொட்டும்.

கிணற்றுத் தண்ணீரை மழை முடிந்த தை மாதத்தில் குடித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் மிதக்கிறது. வைகாசி, ஆனியில் மோட்டார் போட்டு இழுத்தால் கரிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். விற்பவரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

எல்லாம் சரி என்றால் கிரைய ஒப்பந்தம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிய வேண்டும். நேரடிப் பேச்சில் 'நமக்குள்ள எதுக்கு' என்று விட்டுவிடுவதுதான் பின்னால் வினையாகிறது. நடுவில் மூன்றாம் ஆள் இல்லாத வியாபாரத்தில்தான் எழுத்து இன்னும் கறாராக இருக்க வேண்டும். யார் யார் கையெழுத்துப் போட வருவார்கள், எந்தத் தேதிக்குள், வராவிட்டால் முன்பணம் எப்போது திரும்பும், வாடகைக்கு இருப்பவரை யார் காலி செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். முன்பணமும் வங்கி வழியாகவே போகட்டும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதை வாங்கிய விற்பவருக்கு அதே தொகை அபராதமாக வரும். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மிச்சத்தைக் கையில் கேட்டால் மறுத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசம் உங்கள் லாபமாகக் கணக்கில் ஏறும், வரி நீங்கள் கட்டுவீர்கள். கடைசித் தவணையைப் பதிவு நாளன்று, சாவியும் அசல் பத்திரங்களும் கைக்கு வரும்போது கொடுங்கள்.

பதிவு முடிந்ததும் மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர் மூன்றையும் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, முழு எண்ணும் அப்படியே கைமாறினால் பட்டா தானாக மாறிவிடும். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் சங்கிலி பிடித்துக் கல் நடும் நாளில் இரண்டு பக்கத்து வீட்டாரையும், பொதுப் பாதை இருந்தால் அதைப் பயன்படுத்துகிறவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அளந்த படத்தின் நகலை அன்றே அவர்களிடமும் காட்டிவிடுங்கள்.